கதவு திறக்காவிட்டால் பகுதி 9 பார்க்க

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வீட்டு மிக்ஸி. ஒருநாள் நின்றுபோனது. கையேட்டைப் புரட்டினேன். ‘பக்கம் 14 பார்க்க’ என்றது. கையேட்டில் மொத்தமே பன்னிரண்டு பக்கம். மிக்ஸி இன்றுவரை சுற்றவில்லை. கதை சுற்றத் தொடங்கிவிட்டது.

இப்படியெல்லாம் எழுதுகிறவன் யார்? கையேட்டுக்காரன் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதித் தரும் கம்பெனியில் வேலை. ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். எப்படிக் காதலித்தான் என்பதற்குப் பகுதி 3 பார்க்க.

2

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவன்...’

(வேண்டாம். எனக்கு மழை வராது.)

லிஃப்ட் நின்றது.

(இது பரவாயில்லை. மேலே போவோம். லிஃப்ட் போகாது.)

உள்ளே மாட்டிக்கொண்டவர் பெண்ணின் அப்பா, குடியிருப்புச் சங்கச் செயலாளர். எதையும் அச்சில் பார்த்தால்தான் நம்புவார். புது லிஃப்டைச் சோதிக்கக் கையேட்டோடு ஏறினார். ‘லிஃப்டில் செல்பேசி கூடாது’ என்று அதில் போட்டிருந்ததால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். இப்போது மூன்றாம் மாடிக்குச் சற்றுக் கீழே தொங்குகிறார்.

மூன்றாம் மாடியில், மூடிய கதவுக்கு வெளியே, பெண் கேட்க வந்த கையேட்டுக்காரன். பக்கத்தில் அவள். மெக்கானிக்குக்குச் சொல்லியாயிற்று.

அந்தக் கையேட்டை எழுதியவனும் இவனேதான். (இவ்வளவு தற்செயலா என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் கல்யாணம் மட்டும் திட்டம் போட்டா நடந்தது?)

3

அவன் காதலித்த விதத்தைப் பகுதி 1-இலேயே விலாவாரியாகச் சொல்லிவிட்டேன். மறுபடி சொல்வதாக இல்லை.

4

அவன் முதலாளியின் கட்டளை ஒன்றுதான்: “ஒரே விஷயத்த ரெண்டு எடத்துல எழுதாத. எங்க இருக்குன்னு கை காட்டிட்டுப் போய்க்கிட்டே இரு.”

எனவே லிஃப்ட் கையேட்டின் பகுதி 4-இல் ‘கதவு திறக்காவிட்டால் பகுதி 9 பார்க்க’ என்று எழுதினான், அங்கே எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில். ஒன்பதுக்கு வந்தபோது, நாலிலேயே எழுதியாயிற்று என்ற நினைப்பில் ‘பகுதி 4 பார்க்க’ என்று முடித்துவிட்டான்.

(சிரிக்காதீர்கள். என் மூன்றாம் பகுதியைப் பார்த்தீர்கள்தானே.)

5

“நாலு ஒம்பதுங்குது, ஒம்பது நாலுங்குது! என்ன, கண்ணாமூச்சியா ஆடுறான்?” உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

“பொறுங்கப்பா, மெக்கானிக் வர்றாரு.”

“மெக்கானிக்கப் பத்தி இதுல ஒண்ணும் போடலயேம்மா!”

“போடாட்டியும் வருவாருப்பா.”

அவள் இவன் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தாள். “உண்மைய இப்பவே சொல்லிடு.”

“கதவு தொறந்தப்புறம் சொல்றேனே?”

“தொறந்தா அவர் கையில செருப்பு இருக்கும். இப்பன்னா நடுவுல கதவாவது இருக்கு.”

“தம்பி!” என்றது உள்ளிருந்த குரல். “நீங்களும் இந்த வேலதானே? இத எழுதுன மூதேவி* யாருன்னு தெரியுமா?”

(*அவர் சொன்ன சொல் வேறு. பத்திரிகை தாங்காது.)

மாற்று அ: “அச்சகத்துல பண்ண தப்பு சார்.” (எழுதிப் பார்த்தேன். அவள் என்னையே முறைத்தாள். அடித்துவிட்டேன்.)

மாற்று ஆ: அவன் படியிறங்கி ஓடுகிறான். (எனக்குப் பிடித்திருந்தது. அவன் நகர மறுத்துவிட்டான்.)

அவன் கதவின் இடுக்கில் வாயை வைத்தான்.

“பின்னட்டையப் பாருங்க... மாமா.”

அதுவரை ‘சார்’ என்றே கூப்பிட்டவன்.

உள்ளே தாள் புரளும் சத்தம். பின்னட்டையின் அடியில், பொடி எழுத்தில், அவன் பெயர். அவன் காட்டிய இடத்தில் காட்டிய பொருள் இருந்தது இதுவே முதல் தடவை.

6

கையேட்டை மூடும் சத்தம். பிறகு, “தம்பி... கதவத் தொறக்க என்ன வழின்னு உங்களுக்காவது தெரியுமா?”

“தெரியாது மாமா.”

ஒரே நாளில் இரண்டாவது உண்மை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். படியில் மெக்கானிக்கின் சாவிக்கொத்து குலுங்கியது. கதவு திறந்ததும் அப்பாவிடம் இருக்கப்போவது சிரிப்பா, செருப்பா? பகுதி 7 பார்க்க.

7

இதற்குள் உங்கள் மனதில் ஒன்றை எழுதி முடித்திருப்பீர்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது.