கடைசிப் பிடி அரிசி

கொடுத்த வாக்கை எங்கள் குடும்பத்தில் யாரும் மீறியதில்லை. வாய்ச்சொல்லுக்காக அப்பா சேலையூரில் ஒன்றரை கிரவுண்டை விட்டுக்கொடுத்தவர். அந்தப் பெயரைச் சொல்லித்தான் நான் பெண் எடுத்தேன். ஆகவே 1988 ஐப்பசியில் நடந்ததையும் நானே எழுதி வைப்பதுதான் முறை.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் காலையில் என் வீட்டு ஹாலில் ஆத்ம விசார சபை நடத்தி வந்தேன். என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேர் வருவார்கள். என் குறிப்பேட்டிலிருந்து படிப்பேன். உடம்பு ஒரு சட்டை. குலமும் நிறமும் தேசமும் சட்டையில் ஏற்றிய சாயம். உள்ளே இருப்பதில் எந்தச் சாயமும் ஏறாது. இதை அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஜோசப் கமாவ் கென்யாக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தாம்பரத்தில் தங்கித் தத்துவ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தமிழை ஆட்டோ ஸ்டாண்டில் கற்றவர். சபைக்கு வந்த முதல் நாளே எழுந்து கேட்டார்.

"ஐயா, சட்டையப் பாக்காதேன்றீங்க. கேம்ப் ரோடு பஸ்ல அத்தினி பேரும் நின்னுகினு வராங்க. என் பக்கத்து சீட்டு மட்டும் காலியா கீதே, அது இன்னாத்துக்கு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அவர்கள் அறியாதவர்கள்" என்றேன்.

மோர் கொண்டுவந்த என் மனைவி செல்லம்மா, "காலு நீட்டி உக்காந்துட்டு வா சோசப்பு, உனக்கென்ன நஷ்டம்?" என்றாள். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு செல்லம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. கால்கள் வீங்கி நடக்க முடியாமல் போனது. எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை. சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போக ஜோசப் வந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பார். "இன்னாம்மா, வெயிட்டு ஏறிகினே போறியே" என்பார். "நீ கீழ போட்டுடாதடா" என்பாள். சொந்தக்காரர் எவரும் அவளை அப்படித் தூக்கியதில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆட்டோவுக்காக வாசலில் காத்திருந்தபோது அவர் எதிரிலேயே என்னிடம் சொன்னாள். "நான் போனா இவனும் எனக்கு வாய்க்கரிசி போடணும். பெத்த புள்ள மாதிரி. மறந்துடாதீங்க."

"சரி" என்றேன்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை அவள் போனாள். பத்து மணிக்குள் உறவினர்கள் நிறைந்துவிட்டார்கள். ஜோசப் குளித்துவிட்டு, வெள்ளை வேட்டியைத் தப்பும் தவறுமாகக் கட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். செல்லம்மாவின் தம்பி துரைராஜ் என்னைப் பின்கட்டுக்கு அழைத்தான். அவன் மகனுக்குத்தான் என் மகள் சரசுவைத் தையில் கொடுப்பதாக இருந்தோம்.

"மாமா, அந்த ஆளு இன்னாத்துக்கு வேட்டி கட்டிகினு நிக்கறான்?"

"உன் அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. அவரும் அரிசி போடணும்னு."

"நல்லா கீது. நாளைக்கு எங்க ஊர்ல, அக்காவுக்குப் புள்ளையா நின்னவன் எவன்டான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அவன் கை அரிசியத் தொட்டா நாங்க எழுந்து போயிடுவோம். அப்புறம் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க."

நான் கோபப்படவில்லை. அவன் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சரசுவுக்கு இருபத்தெட்டு வயது. நான் முன்கட்டுக்கு வந்து, "ஜோசப், மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பாளம் ஐஸ் வாங்கி வரணும்" என்றேன். அவர் சரசுவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

"ஐஸ்தான் இருக்கேப்பா" என்றாள் சரசு. அரிசித் தட்டை எடுத்துவரச் சொன்னேன்.

அவர் திரும்பியபோது செல்லம்மாவின் உதடுகள் மேல் அரிசி குவிந்திருந்தது. மரத்தூள் ஒட்டிய கோணியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் வேட்டி நனைந்திருந்தது. பார்த்தார். ஐஸைச் சமையற்கட்டில் வைத்துவிட்டு மறுபடி அதே சுவரோரம் போய் நின்றார்.

எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. சுடுகாட்டில் விறகின்மேல் கிடத்தியபின், வழக்கப்படி வெட்டியான் பொன்னுசாமி முகத்துணியை விலக்கினான்.

"மொகம் பாக்காதவங்க பாத்துக்கோங்க. வாய்க்கரிசி போடாதவங்க கீறாங்களா?"

யாரும் அசையவில்லை. ஜோசப் கேட்டருகே நின்றிருந்தார். அவர் முன்னே வரவில்லை, கேட்கவும் இல்லை. என்னை மட்டும் பார்த்தார். துரைராஜும் என்னைத்தான் பார்த்தான்.

"அந்த சாரு போட்டாரா?" என்றான் பொன்னுசாமி.

"அவர் சொந்தமில்லை. மூடு" என்றேன்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. கேட்டைத் தாண்டும்போது துரைராஜ் என் தோளைப் பிடித்து, "மானத்தக் காப்பாத்திட்டீங்க மாமா" என்றான்.

தையில் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. ஜோசப்புக்கு நானே பத்திரிகை அனுப்பினேன். அவர் வரவில்லை. புறப்படும்போது சரசு என் காலில் விழுந்தாள்; முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது வந்தால் அம்மா படத்துக்கு முன் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாள்.

மாசியில் சபையை மறுபடி தொடங்கினேன். குறிப்பேட்டில் சட்டையைப் பற்றிய பக்கம் வந்தது. முதல் வரியைப் படித்தேன். அந்தத் தாளையும் அடுத்த தாளையும் சேர்த்துப் புரட்டி அடுத்த பாடத்துக்குப் போனேன்.

யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் அங்கே இல்லை.