இரண்டாவது பார்வை

பேத்தாலஜி பிரிவின் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் கழுகு. கண்ணாடி ஸ்லைடில் ஒட்டியிருக்கும் திசுத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் ஒரு கணம் பார்ப்பார். புற்றா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்தப் பெரிய மருத்துவமனையைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்ததற்கு அவரும் ஒரு காரணம். அவர் எழுதிய பாடநூலைப் படித்துத்தான் பிற்பாடு அந்தப் பிரிவுக்கே வந்து சேர்ந்த அவளும் டாக்டரானாள். அவருக்கு அடுத்த இடத்தில் வேலை கிடைத்தபோது, சம்பளமே வேண்டாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கணவரிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான கணவர், சம்பளத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள் என்றார்.

கழுகின் கண் மங்கிவிட்டது என்று அவளுக்கு முதலில் தெரிந்தது ஒரு கடைக்காரப் பெண்ணின் விஷயத்தில். மார்பில் கட்டி என்று வந்தவள். புற்று என்று கழுகு கையெழுத்துப் போட்டார், மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்த மார்பு சோதனைக்காக இவள் மேசைக்கு வந்தது. துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தாள். எங்கேயும் புற்று இல்லை. பழைய ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. எப்போதோ அடிபட்டுச் சிதைந்த கொழுப்பு, அவ்வளவுதான். கழுகு கையெழுத்திட்ட வேறு சில ஸ்லைடுகளையும் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்த்தாள். அவற்றிலும் பிசகு இருந்தது.

நேரே மருத்துவமனை இயக்குநரிடம் போனாள். அவரும் ஒரு காலத்தில் கழுகின் மாணவர்தான். அவள் சொன்னதை அவர் மறுப்பார், கோபப்படுவார் என்று நினைத்துப் போனவளுக்கு அவருடைய பதில்தான் தூக்கிவாரிப் போட்டது.

"தெரியும்மா. கொஞ்ச நாளாவே காதுல விழுந்துக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப ஏன் சார் அவரை இன்னும் கையெழுத்துப் போட விடறீங்க?"

"அவரை எப்படிம்மா அனுப்பறது? இந்த இடமே அவர் பேரைச் சொல்லித்தான் நிக்குது. இன்னைக்கு அனுப்பினா, அப்ப நேத்து வரைக்கும் அவர் பார்த்ததெல்லாம் என்னன்னு கேப்பாங்கல்ல?"

பிறகு அவர் ஒரு ஏற்பாடு சொன்னார். கழுகு பார்த்து முடித்த ஸ்லைடுகள் எல்லாம் சத்தமில்லாமல் அவளிடம் வரும். தவறு இருந்தால் ரிப்போர்ட் வெளியே போகும் முன் அவள் திருத்திவிட வேண்டும். கழுகுக்குத் தெரிய வேண்டியதில்லை. நோயாளிக்கும் ஆபத்தில்லை, பெரியவருடைய மரியாதைக்கும் குறைவில்லை. கடைக்காரப் பெண்ணிடம், உடம்பில் புற்று துளியும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அதே வாரத்தில், ஸ்லைடு தட்டைக் கைதவறிக் கீழே போட்டுவிட்ட உதவியாளர் ஒருவரைக் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கு எந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை.

ஆரம்பத்தில் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். கழுகின் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தானாக ஒரு முடிவுக்கு வந்த பிறகே புரட்டிப் பார்ப்பாள். தன் வேலையும் அவர் வேலையும் சேர்ந்ததில், வீடு திரும்பும்போது கண் இரண்டும் எரியும். கணவர் எரிச்சலோடு சொன்னார், ரெண்டு பேர் வேலையை நீ பாக்கிறே, மாலை மட்டும் அவர் கழுத்துல விழுது என்று. நாளாக ஆக, வேலை சீக்கிரம் நகரட்டும் என்று அவர் எழுதியதை முதலில் படித்துவிட்டு ஸ்லைடைப் பார்க்க ஆரம்பித்தாள். எப்போதிருந்து என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அப்படி ஒருநாள் வந்ததுதான் பஸ் டிரைவரின் ஸ்லைடு. குதிகாலில் ஒரு கறுப்பு மச்சம். சாதாரண மச்சம் என்று கழுகு எழுதியிருந்தார். அவளும் பார்த்தாள். சரி என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

மறு வருடம் டிரைவர் தொடையிடுக்கில் வீக்கத்தோடு திரும்பி வந்தார். மச்சத்திலிருந்த புற்று மேலே ஏறியிருந்தது. பழைய ஸ்லைடை வரவழைத்துப் பார்த்தாள். ஓரத்தில், முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்படி அது இருந்தது. நடைவழியில் அவளை யாரோ டிரைவருக்கு அடையாளம் காட்டியிருக்க வேண்டும், எழுந்து கும்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியிலேயே பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்றார். குறையாக அதைச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

இந்த முறை இயக்குநர் அறையில் அவள் உட்காரவே இல்லை.

"என்னை வேலையிலேருந்து எடுத்துடுங்க சார். நான் பார்த்துட்டுத்தான் விட்டேன்."

இயக்குநர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு எங்கேயாவது போய் வா என்றார். அவள் விடவில்லை. கடைசியில் அவர் மனதில் இருந்ததைச் சொன்னார். அவளை அனுப்புவதென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அவளுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டது யார் என்று வரும். இரண்டாவது முறை பார்க்க ஏன் ஆள் வைத்தீர்கள் என்று வரும். அவளைத் தொட்டால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துவிடும். ஆகவே ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். மைக்ராஸ்கோப்புகளில் வெளிச்சம் போதவில்லை என்று கமிட்டி கண்டுபிடித்தது. எல்லாவற்றுக்கும் புது பல்பு வந்தது.

அவள் கழுகின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் பூதக்கண்ணாடியை வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏற்பாட்டைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று அவள் தடுமாறியபோது, அவரே தொடங்கினார்.

"நீ ரெண்டாவதா பாக்கிறேன்னு எனக்கு முதல்லயே தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"கூச்சமாத்தான் இருந்துச்சு. போயிடலாம்னு நினைச்சேன். வீட்ல போய் உக்காந்து என்ன பண்றது? அப்புறம்... நீதான் இருக்கியேன்னு ஆயிடுச்சு. நிறைய ஸ்லைடு நான் சரியா பாக்கிறதுகூட இல்ல. தோணினதை எழுதி அனுப்பிடுவேன்."

அவர் அவளை நம்பி எழுதினார். அவள் அவரை நம்பிப் பார்த்தாள். டிரைவரின் குதிகாலை யாருமே பார்க்கவில்லை.

"அந்தக் கூச்சமெல்லாம் போயிடும்மா," என்றார் கழுகு, ஆறுதலாக. "எனக்குப் போயிடுச்சு."

அன்று சாயங்காலமே டிரைவரின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். இரண்டு அறை வீடு. டிரைவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். வீங்கிய காலுக்குக் கீழே தலையணை. மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள், அந்த ரிப்போர்ட்டில் தவறு செய்தது நான்தான், அன்றைக்கே சரியாகச் சொல்லியிருந்தால் மச்சத்தோடு முடிந்திருக்கும் என்று.

டிரைவர் கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு தடவை திருப்பத்துல ஒரு காரை லேசா உரசிட்டேன். ஒரு கீறல்தான். ஆறு மாசம் வண்டியைத் தொட விடல. உங்களை என்னம்மா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

அவர் தலையை ஆட்டினார், புரிந்தது என்பதுபோல. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மனைவி வாசல் வரை கூட வந்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. வைத்தியச் செலவெல்லாம் ஆஸ்பத்திரிலயே பாத்துக்கிறாங்க. பெரிய பொண்ணுக்கு அங்கயே ரிசப்ஷன்ல வேலையும் குடுத்திருக்காங்க. நீங்க பேசப் போயி அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். வேறு என்ன சொல்ல?

மழைக்காலத்துக்கு முன்பே டிரைவர் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையிலிருந்து மலர்வளையம் போயிற்று. அவள் ராஜினாமாக் கடிதம் எழுதினாள், கிழித்தாள், மறுபடி எழுதினாள். விட்டுவிட்டு வந்துவிடு, என் சம்பளத்தில் ஓட்டிக்கொள்ளலாம் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். தான் போய்விட்டால் கழுகின் ஸ்லைடுகளை யார் பார்ப்பது என்று அவள் கேட்டாள். அதுதான் உண்மையான காரணமா என்று அவர் கேட்கவில்லை. அடுத்த மாதம் கழுகுக்குப் பணி நீட்டிப்புக் கொடுத்தார்கள். அவளை இணைத் தலைவராக்கினார்கள்.

காலையில் அவள் உள்ளே நுழையும்போது ரிசப்ஷனில் டிரைவரின் மகள் இருப்பாள். கொஞ்ச நாள் பக்கவாட்டு வழியாகப் போய்ப் பார்த்தாள். அது சுற்று வழி, நேரமாகிவிடுகிறது. இப்போது நேர் வழியாகவே வருகிறாள். அந்தப் பெண் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். அவளும் வணக்கம் சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறாள்.