பழுதாய்ப் போன ஏலக்காய்

மாத்தளை நகரில், திருகோணமலை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் யாகூப்பின் தகரப் பட்டறை இருந்தது. வாளி, புனல், குப்பி விளக்கு, பேக்கரிக்கு வேண்டிய தட்டு, இவைதான் அவருடைய வேலை. புதுத் தகரம் வெளிநாட்டிலிருந்து வருவது குறைந்துபோன காலம் அது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு. பிஸ்கட் டின்னையும் தார் பீப்பாவையும் வெட்டி நிமிர்த்தியே அவர் பிழைத்து வந்தார்.

ஒருநாள் காத்தாயி என்ற பெண் ஓட்டை வாளியோடு வந்தாள். இரத்தோட்டைக்கு மேலே, ஸக்கரியா முதலாளியின் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் கொட்டிலில் வேலை பார்ப்பவள். நாற்பது வயதிருக்கும். அவளுடைய கண்கள் இரண்டும் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, யாகூப் மெதுவாகக் கேட்டார்.

"யாருக்கும் ஏதும் நடந்திச்சா அக்கா?"

"அதெல்லாம் இல்லைங்க நானா. பொகைதான். கொட்டிலுக்குள்ளயே வெறகு எரிச்சு ஏலக்காயக் காய வைக்கிறோம். பன்னெண்டு வருசமா இதே கண்ணுதான். இப்ப ஊசியில நூலு கோக்க முடியல."

வாளியைச் சரிசெய்து கொடுத்து அனுப்பிய பிறகும் அந்தக் கண்கள் யாகூப்பின் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த போயா நாள், பௌத்தர்களின் விடுமுறையன்று, பஸ் ஏறி இரத்தோட்டைக்குப் போனார். அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம். கொட்டிலின் கதவைத் திறந்ததும் புகை அவரை வெளியே தள்ளியது. உள்ளே மூங்கில் தட்டுகளில் ஏலக்காய் பரப்பியிருந்தது. பச்சையாகப் பறித்த காய் புகை பட்டுப் பழுப்பாகிக் கிடந்தது. இந்த நிறத்துக்கு நல்ல விலை கிடைப்பதில்லை என்று ஸக்கரியா முதலாளியே குறைபட்டுக்கொண்டார்.

"நெருப்ப வெளிய வெச்சு, சூட்ட மட்டும் தகரக் குழாயில உள்ள கொண்டு வந்தா என்ன?" என்று யாகூப் கேட்டார்.

"பெரிய தோட்டத்துல அப்படி இருக்குன்னு கேள்வி. இரும்புக் குழாய், பெரிய வீடு. எங்கட மாதிரி ஆளுக்கு அது சரிவருமா?" என்றார் முதலாளி.

சரிவருமா என்று யாகூப்புக்கும் தெரியாது. பட்டறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்து, ஒரு பிடி காயை உலர்த்திப் பார்த்தார். அது பச்சையாகவே உலர்ந்தது. ஆனால் ஒரு பிடிக்குச் சரியானது மூன்று கூடைக்குச் சரியாகுமா? அதைச் செய்து பார்க்கத் தகரம் இல்லை, வசதியும் இல்லை. எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டார்.

விடாமல் பிடித்தவர் அவருடைய மனைவி ஹமீமா. பங்கீட்டுக் கூப்பன் புத்தக விஷயமாகக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்துக்குப் போனவர், வரிசையில் நின்றபடி அறிவித்தல் பலகையை வாசித்திருக்கிறார். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சிறு கைத்தொழில் செய்பவர்கள் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க விரும்பினால், பொருளும் பணமும் ஆராய்ச்சிக்கூடத்தின் ஆலோசனையும் அரசாங்கம் தரும் என்று அதில் இருந்தது. ஹமீமா ஒரு விண்ணப்பத்தையும் கையோடு வாங்கி வந்துவிட்டார்.

"நமக்கா குடுப்பாங்க? இதெல்லாம் படிச்ச ஆளுங்களுக்கு" என்றார் யாகூப்.

"படிச்ச ஆளுங்களுக்குன்னு அதுல எழுதல்ல. நான் ரெண்டு தரம் வாசிச்சன்."

ஹமீமா எட்டாம் வகுப்புவரை படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெயர், விலாசம், தொழில் எல்லாம் எழுதி முடித்து, ஒரு கேள்வியில் நின்றார். 'இந்த முயற்சியால் நீங்கள் அறிய விரும்புவது என்ன?'

யாகூப் அன்று முழுவதும் அதையே யோசித்தார். தகரம் வேண்டும் என்று எழுதலாமா? காத்தாயியின் கண்ணைப் பற்றி எழுதலாமா? பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்து சொன்னார்: "புகை இல்லாம சூடு மட்டும் எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரிப் போகுமா? அதத்தான் எனக்குத் தெரியணும். அப்படியே எழுது."

ஹமீமா அப்படியே எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்லையா என்று பெயர். யாழ்ப்பாணத்தார், மெலிந்த மனிதர். பட்டறையில் ஒரு கவிழ்த்த பீப்பாவின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். தெரியாததைத் தெரியாது என்றே யாகூப் சொன்னார்.

"ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது எண்டு ஒரு கொப்பியில எழுத வேணும். எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சூடு, எந்தத் தட்டு. எழுதுவியளோ?"

"எழுதறது இவங்க" என்று யாகூப் கதவுக்குப் பின்னால் நின்ற ஹமீமாவைக் காட்டினார்.

"அப்ப நல்லம்" என்றார் நல்லையா.

உதவி கிடைத்தது. தகரம் வாங்க அனுமதிக் கடிதம், ஆணி, கம்பி, கண்ணாடி வெப்பமானிகள் இரண்டு, பரிசோதனைக்கு வேண்டிய காயின் விலை, எல்லாம் அதில் அடங்கியிருந்தன. தகரம் வந்த அன்று யாகூப் அதை உடனே வெட்டவில்லை. பளபளவென்று இருந்த தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத் தொழிலில், பழைய எழுத்து எதுவும் அச்சாகாத தகட்டில் அவர் கை வைத்தது குறைவு.

ஸக்கரியா முதலாளி கொட்டிலின் ஒரு பாதியைத் தந்தார். நடுவே சுவர் எழுப்பி, வெளியே அடுப்புக் கட்டி, உள்ளே குழாய் ஓட்டி, புகை போக அதன் மறுமுனையை வெளியே விட்டு, மேலே தட்டுகளை அடுக்கினார்கள். மழை விட்ட ஒரு காலையில் காத்தாயி அடுப்பை மூட்டினாள். மூன்று கூடைக் காய். உள்ளே ஒரு துளிப் புகைகூட இல்லை. காத்தாயி உள்ளே போய் நின்று, கண்ணை அகலத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் மாலை தட்டுகளை இறக்கியபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்துத் தட்டுகளில் காய் வெடித்து மஞ்சளாகியிருந்தது. மேல் மூலைத் தட்டுகளில் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. மூன்று கூடையில் ஒரு கூடைகூடத் தேறவில்லை. பத்து நாள் கழித்து, விறகைக் குறைத்து மறுபடி செய்தார்கள். அதுவும் பழுதானது.

அரசாங்கத்தின் பொருளை வீணாக்கிவிட்டோம் என்ற பயம் யாகூப்பைப் பிடித்துக்கொண்டது. அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. அறிக்கையோடு உலர்ந்த காயில் கொஞ்சம் மாதிரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மத்தியானம் அவர் கடைவீதிக்குப் போய்க் கால் இறாத்தல் நல்ல பச்சை ஏலக்காய் வாங்கி வந்து, ஹமீமாவின் முன்னால் வைத்தார்.

ஹமீமா ஒரு காயை எடுத்து முகர்ந்தார். "இது நம்மட காயா?"

யாகூப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்கிறன். இது நம்மட கொட்டில்ல காஞ்சதா?"

"இல்ல. வேற என்ன செய்யச் சொல்ற? பழுதானதப் பார்த்தா நாளைக்குப் பொலிஸ் வரும். குடுத்ததெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. எங்க போவன்?"

ஹமீமா பேனையை மூடி வைத்தார். "கொப்பியில ஒவ்வொரு தட்டையும் நான் உள்ளபடி எழுதி வெச்சிருக்கன். அதே கையால இத எழுத ஏலாது. அவங்க நம்மள நம்பித்தானே தந்தாங்க. இத அல்லாஹ் பொருந்திக்கொள்ள மாட்டான்."

யாகூப்புக்குக் கோபம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது ஒன்றும் சொல்லாமல், பழுதான காயை மூன்று சிறு கடுதாசிப் பைகளில் போட்டார். வெடித்தது, மஞ்சளானது, பூஞ்சணம் பிடித்தது. "எந்தப் பை எந்தத் தட்டுன்னு மேல எழுது" என்றார். கடைக் காய் சமையலறைக்குப் போனது.

அறிக்கை போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப் சந்துக்குள் வந்து நின்றது. நல்லையா இறங்கினார். யாகூப் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஐயா, எல்லாம் என் பிழைதான். குடுத்ததெல்லாம் மெதுமெதுவா எப்படியாவது திருப்பித்..."

"என்ன பிழை?" நல்லையா பையிலிருந்து ஹமீமா எழுதிய அறிக்கையை எடுத்தார். விளிம்பெல்லாம் பென்சில் குறிகள். "இந்த வருசம் என்ர மேசைக்கு எத்தனையோ அறிக்கை வந்தது. எல்லாரும் எல்லாம் நல்லாய் நடந்தது எண்டுதான் எழுதியிருக்கினம். அதுகளை வச்சு நான் ஒண்டும் செய்யேலாது. உங்கட இந்த மூண்டு பையை வச்சுத்தான் எங்கட ஆக்கள் ரெண்டு நாள் இருந்து யோசிச்சவை."

"காய் எல்லாம் வீணாப் போச்சே ஐயா."

"வீணாய்ப் போகலாம் எண்டு தெரிஞ்சுதான் தந்தது. முதலே சரிவரும் எண்டு தெரிஞ்சால் பிறகு ஆராய்ச்சி எதுக்கு?"

யாகூப் பீப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஹமீமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

அன்று மாலையே எல்லோரும் கொட்டிலுக்குப் போனார்கள். அடுப்பை ஒட்டிய முதல் மூன்றடிக் குழாய்தான் அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறது என்று நல்லையா கொப்பியிலிருந்து கணித்து வைத்திருந்தார். அந்த இடத்தை மண்ணால் கனமாகப் பூசச் சொன்னார். ஆனால் மேல் மூலையில் ஏன் ஈரம் நிற்கிறது என்பது அவருக்கும் பிடிபடவில்லை. குழாய் நன்றாகத்தான் சுட்டது.

காத்தாயி ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா? பழைய கொட்டில்ல பொகை வெளிய போறதுக்குக் கூரையில சந்து இருந்திச்சு. காயில இருக்கிற ஈரமும் அது வழியாத்தான் போயிருக்கும். இங்க பொகை இல்லைன்னு எல்லாத்தையும் அடைச்சுப்புட்டீங்க. ஈரம் எங்கிட்டுப் போகும்?"

நல்லையா அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "அம்மா, இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"யாரும் கேக்கலைங்களே."

நல்லையா தலையில் கை வைத்துச் சிரித்தார். பிறகு கொப்பியை எடுத்து, அவளுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

குழாயில் மண் பூசி, கூரையில் மூடித் திறக்கும் தகரக் கதவு ஒன்றை யாகூப் செய்து வைத்தார். மூன்றாவது முறை காத்தாயிதான் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொன்னாள். வெப்பமானியை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நூற்றிருபது பாகை பரன்ஹைட் இருக்கும் இடத்தில் ஹமீமா சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் தட்டுகளை இறக்கினார்கள். மேல் தட்டு, நடுத் தட்டு, கீழ்த் தட்டு, எல்லாம் ஒரே பச்சை. ஸக்கரியா முதலாளி ஒரு காயை உடைத்து முகர்ந்து, பிறகு இன்னொன்றை உடைத்தார். யாகூப் ஈர மண்ணிலேயே துண்டை விரித்து, நெற்றி நிலத்தில் பட இறைவனுக்கு நன்றி சொல்லி ஷுக்ருடைய ஸுஜூது செய்தார்.

அடுத்த இரண்டு வருடத்தில் இரத்தோட்டையைச் சுற்றியும் எல்கடுவப் பக்கத்திலும் பதினொரு சிறு தோட்டங்களில் அந்த உலர்த்தும் கொட்டில் எழுந்தது. பட்டறைக்கு வேலை குவிந்தது. அடுப்பு மூட்டவும் கதவைப் பார்க்கவும் புதிய இடங்களில் கற்றுக்கொடுப்பதற்குக் காத்தாயிக்குப் பயணச் செலவும் நாட்கூலியும் அரசாங்கத்தின் அதே உதவித் திட்டத்திலிருந்தே வந்தது. அவளுடைய கண் முழுதாகத் தெளியவில்லை. ஆனால் வீக்கம் வற்றியது, எரிச்சல் நின்றது.

நன்றிக்கு என்ன செய்வதென்று யாகூப்புக்குத் தெரியவில்லை. ஸக்கரியா முதலாளியின் கொட்டிலில் நன்றாகக் காய்ந்த முதல் காயில் ஓர் இறாத்தலை வாங்கிப் பொதி கட்டி நல்லையாவுக்கு அனுப்பினார். அரசாங்க ஊழியர் இதை ஏற்க முடியாது என்ற குறிப்போடு பொதி அப்படியே திரும்பி வந்தது. யாகூப்புக்கு அது வருத்தமாக இருந்தது. நல்லையா மாற்றலாகி ஊருக்குப் போகுமுன் விடைபெற வந்தபோது அதைச் சொல்லியும் விட்டார்.

"என் கையால ஒண்ணும் வாங்க மாட்டேங்கிறீங்க ஐயா. நீங்க செஞ்சதுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

"நான் என்ர காசைத் தரேல்லை யாகூப். ஆக்கள் சீனி வாங்கேக்கை, மண்ணெண்ணெய் வாங்கேக்கை குடுக்கிற வரிக்காசு அது. நன்றி சொல்ல வேணுமெண்டால் அவைக்குச் சொல்லுங்கோ."

அதை யாகூப் பல நாள் யோசித்தார். சில நாள் கழித்து எல்கடுவையில் ஒரு புதுக் கொட்டிலைப் பார்க்க அவரும் காத்தாயியும் பஸ்ஸில் போனார்கள். நிற்க இடமில்லாத கூட்டம். கொழுந்துக் கூடையோடு பெண்கள், வெற்றிலைப் பொதியோடு ஒரு சிங்களக் கிழவர், பள்ளிவாசலுக்குப் போகும் இரண்டு முதியவர்கள், காத்தாயியின் பக்கத்து இருக்கையில் மடியில் கோழியோடு ஒருத்தி. யாகூப் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க நானா, தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று காத்தாயி கேட்டாள்.

"நமக்குத் தகரம் வாங்கித் தந்த ஆளுங்க அக்கா" என்றார் அவர். "எல்லாரும் இந்த பஸ்லதான் இருக்காங்க."

சீனி, மண்ணெண்ணெய் வரியைப் பற்றி நல்லையா சொன்னதை அவளுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு அவளும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கோழி வைத்திருந்தவள் சாய்ந்து உட்கார வசதியாக நன்றாக நகர்ந்து இடம் விட்டாள்.