ஒன் பை எக்ஸ்

ஒன் பை எக்ஸ் என்றாலே எனக்கு எரிச்சல். ஒன்றிலிருந்து முடிவிலி வரை அதைத் தொகையிட்டால் ஒரு மதிப்பு கிடைக்குமா, விரிந்துகொண்டே போகுமா? கோடுதான் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதே, பரப்பும் எங்கேயாவது நிற்காதா என்று மூன்று முறை தப்பாகவே எழுதினேன்.

"மக்கு! எறங்குனா போதுமா? எவ்ளோ வேகமா எறங்குதுன்னு பாரு லா," என்று திருமாறன் பென்சிலால் என் தலையில் தட்டுவான். "ஒன் பை எக்ஸ் ஸ்குவேர் சட்டுனு எறங்கும், அதான் அடங்குது. இது மெதுவா எறங்குது. அடங்கவே அடங்காது."

பக்கத்து வீட்டுக்காரன். என்னைப் போலவே பத்தொன்பது வயது. ஈப்போ நகரில் நடக்கும், காலேஜ் படிப்புக்கான உதவிநிதித் தேர்வுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் இரண்டே பேர். இந்த வயதைத் தாண்டினால் எழுத விடமாட்டார்கள். தேறிவிடுவான் என்று எல்லோரும் சொன்னது அவனைத்தான், என்னை இல்லை.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மலைச்சரிவில் மருந்தடித்துக்கொண்டிருந்த அவன் அப்பா காளியண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அப்படியே போய்விட்டார். கருமாதி முடிந்த மறுநாளே தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி வந்து நின்றார். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்தால்தான் கம்பெனி தந்த லயத்து வீடு, இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அவன் அம்மா சரோஜாவுக்கு முட்டி தேய்ந்து மேடு ஏற முடியாது. திருமாறன் பேர் கொடுத்துவிட்டான்.

"ஒரு நாள் லீவு கேட்டு எழுதிட்டு வாயேன்டா!"

"எழுதிப் பாஸாயிட்டா? போவணும்ல? அம்மா எங்க இருப்பாங்க? பரீட்ச தள்ளிப்போச்சுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத, குமுதா. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பாவி, பண்ணித் தொலைத்தேன்.

ஈப்போவில் அவன் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒன் பை எக்ஸ் வந்திருந்தது. விரியும் என்று சரியாக எழுதினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் சரோஜா அத்தை நிற்கிறார். கையில் அவன் தேர்வுச் சீட்டு. சட்டையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்ததாம்.

"இன்னிக்குத்தானாம்மா பரீட்ச?"

தலையாட்டினேன்.

"பிரிஞ்சாங்குல எந்தங்கச்சி, எங்கூட வந்திருங்கக்கான்னு கருமாதியன்னிக்கே கூப்புட்டுச்சு. இவன் பரீட்ச முடிஞ்சதும் விஷயத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாம்னு மூட்டகூட கட்டி வெச்சிட்டேன். அதுவரைக்கும் வேலைக்குப் போறேன்னான், சரின்னுட்டேன். ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் அத்தே."

அவர் என்னைத் திட்டவில்லை. "நேத்து சொல்லியிருந்தாகூடப் போதுமே," என்றார்.

நேற்று முழுக்க நான் அவர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.