நாற்றை அவித்த தண்ணீர்

இருசம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தி நாலைந்து நாளாகிவிட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டுக்குட்டியிடம் சொன்னாள்.

"சோறு ஆயிடுச்சுன்னு சொல்லு உங்கப்பன்கிட்ட."

குட்டி 'மே' என்றது. கொளஞ்சியப்பன் எழுந்துபோய்த் தட்டை எடுத்துக்கொண்டான்.

தப்பு அவன் மேல்தான். திருநாவலூரில் அவர்களுக்கென்று நிலம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி, அவ்வளவுதான். அதில் கத்திரி விதை விட்டு, கோழி கிளறாமல் முள் அடைத்து, பிள்ளை மாதிரி பார்த்து வந்தாள் இருசம்மாள். அன்றைக்குக் களையெடுக்கப் போகும்போது, "வெய்யிலுக்கு முன்னாடி நாத்துக்குத் தண்ணி வுட்டுடுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இவன் டீக்கடைப் பேச்சில் உட்கார்ந்துவிட்டு உச்சி வேளைக்கு வந்து சேர்ந்தான்.

தெருக் குழாயிலிருந்து கொல்லை வரைக்கும் நீளமாக ஒரு கருப்பு டியூப் கிடந்தது. ஓட்டையாகிவிட்டது என்று நிலத்துக்காரர் நாராயணசாமி தூக்கிப் போட்டதை இவன் சுமந்து வந்து ஒட்டுப் போட்டிருந்தான். காலையிலிருந்து அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. முனையைப் பாத்தியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். டியூபுக்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வந்ததை அவன் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் பார்த்தால் நாற்றெல்லாம் வதக்கின கீரை மாதிரி படுத்துக் கிடந்தது.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. முள்ளை அடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்றும் அடுப்படியில்தான் இருந்தாள். அவள் சோற்றுப் பானையைத் தட்டால் மூட மாட்டாள். தண்ணீர் நிறைத்த குண்டானை மேலே வைத்து மூடுவாள். சோறு வேகிற ஆவியிலேயே அந்தத் தண்ணீரும் சுட்டுவிடும். அதில் புளி கரைப்பாள், பருப்புக்கு ஊற்றுவாள். கேட்டால், சும்மா போகிற சூடுதானே என்பாள். கேஸ் சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும்தான். நாளெல்லாம் குனிந்து களையெடுத்த இடுப்புக்கு ஊற்றுகிற வெந்நீருக்கு முள்ளு விறகு. வேலை முடிந்து வரும்போதே அதையும் வெட்டித் தலையில் சுமந்து வருவாள்.

சோற்றைப் பிசைந்தபடி அந்தக் குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தான் கொளஞ்சியப்பன். நாற்றைக் கொன்றதும் சும்மா போன சூடுதானே?

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் டியூபை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். உள்ளே இருந்த பாசியும் மண்ணும் போகிற வரைக்கும் தண்ணீர் விட்டு அலசினான். அப்புறம் தளத்தில் வளையம் வளையமாகச் சுற்றிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் மடக்கிக் கட்டினான்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் துணி காயப்போட வந்தவள், நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணே, மாடில மலப்பாம்பு வளக்கிறியா?"

"வெந்நி போடுறேன் ஜெயம்மா."

"அடுப்பு எங்க?"

அவன் சூரியனைக் காட்டினான்.

"நாத்த அவிச்சது பத்தாதுன்னு அண்ணியையும் அவிக்கப் போறியா? நல்லா கீது உன் வேல!"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இவன் முனைக் கட்டுகளை இன்னொரு தரம் இறுக்கினான். இதுவும் சொதப்பினால் அப்புறம் ஆயுசுக்கும் ஆட்டுக்குட்டிதான்.

வெயில் சாய்கிற நேரத்தில் இருசம்மாள் தலையில் விறகுக் கட்டோடு வந்தாள்.

"கட்ட எறக்கு. அடுப்பு மூட்ட வாணாம். வெந்நி கீது" என்றான்.

அவள் குட்டியைப் பார்த்தாள். "அடுப்பே எரியல. வெந்நி எங்கேருந்து வந்துச்சாம்?"

டியூபின் ஒரு முனையை மாடியிலேயே அவிழ்த்துவிட்டு, இன்னொரு முனையைக் கீழே கொண்டுவந்து பக்கெட்டில் விட்டான். தண்ணீர் கொட்டியது. இருசம்மாள் ஒரு விரலை விட்டுப் பார்த்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நாத்த அவிச்ச தண்ணிதான இது?"

இதைக் குட்டியைப் பார்த்துக் கேட்டாளா, தன்னைக் கேட்டாளா என்று அவனுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பதில் சொன்னான். "அதேதான். பச்சத் தண்ணி வெளாவிக்கோ."

அவள் பக்கெட்டோடு குளிக்கிற தடுப்புக்குள் போனாள்; இவன் வெளியே குத்த வைத்து உட்கார்ந்தான். உள்ளே மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"யோவ்!"

துள்ளி எழுந்தான். "இன்னா, சுட்டுடுச்சா?"

"இன்னொரு பக்கெட்டு புடி. தீந்துட்டுதா?"

"கீது, கீது!"

குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பாத்திக்குப் போனாள். முள்ளை விலக்கி, "இங்க வா" என்றாள். பாத்தியின் கடைசி மூலையில் ஒரு கைப்பிடி நாற்று பச்சையாக நின்றது.

"அங்க போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி ஆறியிருக்கு. அதான் தப்பிச்சிருக்குது. இத்தினி நாளா நீ எட்டிக்கூடப் பாக்கல."

"பாக்க மூஞ்சி இல்ல இருசு."

"போதும், போதும். நாளையிலேருந்து காலையில நாத்துக்கு ஊத்து, சாயங்காலம் எனக்கு ஊத்து. மாத்திப்புடாத."

ஆட்டுக்குட்டி ஓடிவந்து அவள் காலில் உரசி 'மே' என்றது. அதை ஒரு கையால் தள்ளிவிட்டாள்.

"நீ சும்மா இரு. அவருகிட்டதான் பேசிக்கினு இருக்கேன்."