வேலியருகே நின்றவள்

எலிசா கைக்குழந்தையை உறங்கப் போட்டுவிட்டுப் புறவாசலுக்கு வந்தபோது, நேசபாயின் பதினொரு கோழிகளும் அவளுடைய நாற்றங்காலுக்குள் நின்றன. மேலே வேய்ந்திருந்த தென்னோலை சரிந்து கிடந்தது. வழுதலங்காய் என்று அங்கே சொல்கிற கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் நான்கு இலை விட்டிருந்தன. இன்னும் ஒரு மழை பெய்தால் பிடுங்கி நடலாம் என்று நேற்றுத்தான் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஈரமண் கிளறிய இடமெல்லாம் வெள்ளை வேர்கள் மேலே பார்த்துக் கிடந்தன. ஒரு சிவப்புப் பெட்டை மிச்சமிருந்த மூலையில் கால் மாற்றிக் கால் மாற்றிச் சாவகாசமாகக் கிண்டிக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத உடம்போடு, ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த நாற்று. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டு, புரட்டாசி மாதம். எலிசாவின் புருஷன் ரசலையனும் அவனுடைய அண்ணனும் நேசபாயின் புருஷனுமான ஞானதாசனும் கீரிப்பாறைக்கு மேலே ஒரு துரையின் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார்கள். திங்கள் விடியுமுன் மலையேறினால் சனிக்கிழமை மத்தியானம்தான் இறங்குவார்கள். இடையில் அந்தச் சரிவில் இருந்தது இரண்டு வீடுகள், இரண்டு பெண்கள், நடுவே ஒரு வேலி. வேறு வீட்டுக்குப் போக ஓடையைக் கடக்க வேண்டும்.

எலிசா சிவப்புப் பெட்டையைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி ஒன்று உண்டு. அதன் வழியாகப் போய், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த நேசபாயின் முன்னால் கோழியை வீசினாள்.

"எத்தன மட்டம் சொன்னேன், உனக்க கோழிகள அடச்சு வைன்னு?"

நேசபாய் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "இப்பத்தான் கூட்டத் தொறந்தேன் எலிசா. அதுக்குள்ள வந்துட்டா? எல்லாம் போச்சா?"

"வந்து பாரு, போச்சா இருக்கான்னு. பெத்து வளத்தவளுக்குத்தான் நட்டு வளக்கியதுக்க அரும தெரியும். உனக்கென்ன, கோழிதானே பிள்ள."

சொன்ன பிறகு எலிசாவின் வாய் ஒரு கணம் அப்படியே திறந்திருந்தது. நேசபாய்க்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். இரண்டு முறை பெற்றாள். இரண்டும் அழாமலேயே பிறந்தன. எலிசாவின் மூத்தவள் ஜெபகுமாரி, ஐந்து வயது, பாதி நாள் வளர்வது நேசபாயின் வீட்டில்தான். எலிசா பேறுகாலத்தில் படுத்திருந்தபோது அந்தப் பிள்ளை பெரியம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உறங்கியது.

"இனி உனக்க முற்றத்தில நான் கால் வைக்கமாட்டேன்," என்றாள் நேசபாய். சத்தம் போடவில்லை.

"வைக்க வேண்டாம்."

அன்று மத்தியானமே எலிசா இலந்தை முள் வெட்டிவந்து வேலியின் இடைவெளியை அடைத்தாள். அந்தப் பக்கத்தில் ஜெபகுமாரி அழுவதும் அடி விழுவதும் நேசபாய்க்குக் கேட்டது. அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிள்ளை சாயங்காலம் வரை முனகிக்கொண்டே இருந்தது. இடையிடையே "பெரியம்மா" என்று கூப்பிட்டது. இங்கே வரவேண்டுமென்று அடம்பிடிக்கிறாள், அழட்டும், தாய்க்காரி கொஞ்சம் படட்டும் என்று நேசபாய் நினைத்தாள். அப்படி நினைத்தபோது மனசுக்குள் ஒரு சின்ன இதம் இருந்தது. பின்னால் அவளால் எதை மறக்க முடிந்தாலும் அந்த இதத்தை மறக்க முடியவில்லை. வழக்கமாகப் பிள்ளைக்கு முட்டை அவிக்கிற நேரத்தில் கை தானாக ஒரு முட்டையை அவித்தது. தோலை உரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு உப்புக்கூடத் தொடாமல் தானே தின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் கருத்துக் கிடந்தது. மலையில் நல்ல மழை போல. ஓடை சிவந்து இரைந்துகொண்டு ஓடியது. அந்த வீட்டில் சத்தமில்லை. பிள்ளை சமாதானமாகிவிட்டாள் என்று நேசபாய் எடுத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்குமுன் தூறல் தொடங்கியது. அவள் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஓரக்கண்ணில் பட்டது: வேலிக்கு அப்பால் எலிசா நிற்கிறாள். தோளில் கைக்குழந்தை. தலையில் முக்காடில்லை. மழை முகத்தில் வழிய, முள் அடைத்த இடத்துக்கு நேராக அசையாமல் நின்றாள்.

நேசபாய் நிமிரவில்லை. குனிந்து கூட்டுக்குள் பார்த்துக் கோழிகளை எண்ணினாள். பதினொன்று. மறுபடியும் எண்ணினாள். எதையாவது சொல்லட்டும், ஒரு வார்த்தை, அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடட்டும், திரும்புகிறேன் என்று காத்திருந்தாள். முதுகில் அந்தப் பார்வை ஊன்றியிருப்பது தெரிந்தது. மூன்றாவது முறையும் எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது வேலியருகே ஒருவரும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் எலிசாவின் சத்தம் கேட்டது. பேச்சாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. நேசபாய் முள்ளுக்குள் விழுந்து எழுந்து ஓடினாள். சேலை கிழிந்தது; பாதத்திலிருந்து ரத்தம் வந்தது. பாயில் ஜெபகுமாரி கிடந்தாள். மூன்று நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பிள்ளையைப் பாதியாக்கியிருந்தன. ராத்திரி சன்னி கண்டிருக்கிறது. கன்னம் இன்னும் சூடாக இருந்தது, கால் குளிர்ந்துவிட்டது. எலிசா ஒரு கையில் கைக்குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மகளின் காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"விடு மக்கா. விடு," என்று நேசபாய் அந்தக் கையைப் பிடித்தாள்.

எலிசா விடவில்லை.

மத்தியானம் ஆண்கள் நனைந்த தலைத்துண்டோடு இறங்கி வந்தபோது, ஓடைக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்து வீடு நிறைந்திருந்தது. ரசலையன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். சபை உபதேசியாரின் மனைவி எலிசாவின் தலையைத் தடவி, "ரெண்டு பேர் இருந்தா ஒராள் கைக்குழந்தைய வச்சுக்கிட, ஒராள் பிள்ளையத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போயிருக்கலாமே. பக்கத்துல ஆளில்லாமலா போச்சு?" என்றாள்.

ஞானதாசன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "நீ இங்கதானட்டி இருந்த?"

அந்த நேரத்தில் மூலையிலிருந்து எலிசாவின் குரல் வந்தது.

"அக்காக்குத் தெரியாது. நான் சொல்லல்ல."

அவ்வளவுதான். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சின்னக் குழி. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. அதை இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். நேசபாய் எலிசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசினால் தாங்கியிருப்பாள். தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருந்தால் அந்த மண்ணிலேயே கிடந்திருப்பாள். எலிசா ஒருமுறைகூட அவளைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஆண்கள் மலையேறிய பிறகு, நேசபாய் அருமனைச் சந்தைக்குப் போய் வழுதலை நாற்றும் மிளகாய் நாற்றும் வாங்கி வந்தாள். எலிசாவின் கொல்லையில் மண் கிளறி, வரிசை பிடித்து நட்டாள். தினமும் காலையில் ஓடைத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். சாணம் கரைத்து விட்டாள். ஓரத்தில் பயறும் விதைத்து, கம்பு நாட்டிக் கொடி ஏற்றினாள். எலிசா கைக்குழந்தையோடு புறவாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டாமென்றும் சொல்லவில்லை, கூட வந்து ஒரு கைப்பிடி களை பறிக்கவும் இல்லை. ஏதாவது கேட்டால் பதில் சொன்னாள். உப்பு கேட்டால் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் வந்து பார்த்த ஆண்கள், பெண்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று ஆறுதல்பட்டார்கள்.

கோழிகளை நேசபாய் வெளியே விடவே இல்லை. கூட்டுக்குள்ளும் கூடைக்கு அடியிலுமாகப் பகலெல்லாம் அடைத்து வைத்தாள். தவிடும் மரச்சீனிக் கிழங்கும் போட்டாள். மண்ணில் கால் படாத கோழிகள் இறகு உதிர்ந்து மெலிந்தன. முட்டை நின்றது. கருத்த பெட்டை ஒன்று மட்டும் கடைசி முட்டைகளின் மேல் அடை கிடந்து, கார்த்திகையில் ஏழு குஞ்சுகள் பொரித்தது.

மார்கழியில் வழுதலை நன்றாகக் காய்த்தது. செடி தாங்காத காய். நேசபாய் பறிக்கவில்லை, அது அவளுடையதல்ல. எலிசாவும் பறிக்கவில்லை. காய்கள் முற்றி, மஞ்சளாகி, தொங்கிய இடத்திலேயே அழுகி விழுந்தன.

கிறிஸ்துமஸ் முடிந்த மறு சந்தைநாளில் ஞானதாசன் வீட்டில் இருந்தான். தோட்டத்தில் அந்த வாரம் வேலையில்லை. "இதுகளச் சந்தையில கொண்டு குடுத்திரும். எனக்கு இனி கோழி வேண்டாம்," என்றாள் நேசபாய். அவன் ஏனென்று கேட்காமல் வாழைநாரை நனைத்துக் கிழித்து, ஒவ்வொன்றாகக் கால்களைக் கட்டி முற்றத்தில் போட்டான். கருத்த பெட்டையின் காலையும் கட்டியாயிற்று. குஞ்சுகள் அதைச் சுற்றிக் கீச்சிட்டுக்கொண்டு ஓடின. கோழிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கத் தோள்கம்பு எடுக்க அவன் புறக்கடைக்குப் போனான்.

வேலியின் முள்ளை விலக்குகிற சத்தம் கேட்டது. எலிசா வந்தாள். மூன்று மாதத்தில் அவள் இந்த முற்றத்துக்கு வருவது இதுதான் முதல் முறை. கட்டிப் போட்டிருந்த கோழிகளின் அருகே வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"விக்கப் போறியா?"

"ம்."

"அவ இதுகளுக்கெல்லாம் பேரு வச்சிருந்தாள்னு அவளுக்க அப்பா சொல்லிச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாது."

நேசபாய் சுவரில் சாய்ந்துகொண்டாள். "எலிசா, அன்னைக்கு நீ வேலிக்கிட்ட வந்து நின்னத நான்..."

"பேரச் சொல்லுக்கா," என்றாள் எலிசா. கண்ணை எடுக்காமல் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேசபாய் அருகில் வந்து உட்கார்ந்தாள். சேவலைத் தொட்டாள். "இது அப்பா. சுத்தித் திரிஞ்சிட்டு எப்பமாவதுதான் கூட்டுக்கு வரும்." அடுத்ததைத் தொட்டாள். "இது மெத்தை. இது சாம்பல்குட்டி. இது உபதேசியாரம்மா, எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கும்." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எலிசா உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே சொல்லிப் பார்த்தாள். கருத்த பெட்டையிடம் வந்ததும் நேசபாயின் கை நின்றது.

"இதுக்கு?"

"எலிசா."

"எதுக்கு எனக்க பேரு?"

"எல்லாத்தையும் கொத்தி வெரட்டும். ராத்திரியானா றெக்கைக்குள்ள வச்சு மூடிக்கிடும்னு சொன்னா."

எலிசாவின் கால்மாட்டில் ஒரு குஞ்சு வந்து நின்றது. அதை உள்ளங்கையில் எடுத்தாள். "இதுகளுக்கு?"

"இதுக பொரிச்சது அதுக்குப் பெறவுதான்," என்றாள் நேசபாய். "இதுகளுக்குப் பேரில்ல."

எலிசா குஞ்சைக் கீழே விட்டாள். கருத்த பெட்டையை இழுத்து மடியில் வைத்து வாழைநாரின் முடிச்சைத் தேடினாள். நனைந்த நார் இறுகியிருந்தது, நகத்தால் வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். தோள்கம்போடு வந்த ஞானதாசன் முற்றத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டான். எலிசா கோழியைத் தரையில் வைத்தாள். கட்டு அவிழ்ந்தது அதற்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு கால்களையும் சேர்த்து வைத்தபடியே, கண்ணைத் திறந்துகொண்டு, அது ஒருக்களித்துக் கிடந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் இறகுக்குள் நுழையத் தொடங்கின.