மேனேஜர் மேசையில் பீரங்கி

வேலையிலிருந்து வந்து, கை கழுவி, அலமாரியைத் திறந்தவளுக்குப் பகீரென்றது. மேல்தட்டு காலி. அவள் செய்த குட்டிப் பீரங்கிகளும் இல்லை, அவற்றைச் சுற்றி நின்ற வீரர்களும் இல்லை.

அவள் செயற்கைப் பல் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவள். பகலெல்லாம் யார் யார் பல்லுக்கோ நிறம் சேர்ப்பாள். மாலையில் தனக்கென்று உட்கார்ந்தால் நெப்போலியன் காலத்துப் பீரங்கிப் படைதான். விரல் நீளம்கூட இல்லாத வீரர்கள். கருநீலச் சட்டைக்குச் சிவப்பு ஓரம். பீரங்கி வண்டியின் மங்கிய பச்சை மனதுக்குப் பிடித்தபடி அமையும்வரை சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசியிருந்தாள். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறாள் என்று கணவன் போனில் யாரிடமோ சொல்லிச் சிரித்தபோதுகூடக் காதில் விழாததுபோல் இருந்துவிட்டாள்.

அவன் அன்று நல்ல குஷியில் வந்தான். மேனேஜருக்குப் பழைய போர்கள் என்றால் உயிராம், அவர் பிறந்தநாளுக்கு அந்தப் படையைக் கொடுத்துவிட்டானாம். பதவி உயர்வு நேரம் வேறு. நீ வேறு செய்துகொள்ள மாட்டாயா என்றான். அவள் பதில் சொல்வதற்குள் அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"பீரங்கிய இழுக்கிற குதிரையும் பண்ணித் தரச் சொன்னாரு."

"யார? உங்களையா?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். தன் கைவேலை என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. தூக்கிக் கொடுத்ததையாவது என்றைக்காவது மன்னித்திருப்பாள். இதை எப்படி?

மறுநாள் காலை நேரே அவன் அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் மேசையில், போனுக்குப் பக்கத்தில் படை நின்றது. ஒரு வீரன் கையிலிருந்த குண்டு திணிக்கும் கோல் முறிந்து டேப்பில் தொங்கியது. விஷயம் கேட்டுக் கணவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவள் பையிலிருந்து பெயின்ட் பூசாத வீரன் ஒருவனை எடுத்து வைத்து, தூரிகையைச் சிவப்பில் தோய்த்துக் கணவனிடம் நீட்டினாள்.

"சட்டை ஓரத்துக்கு ஒரே ஒரு கோடு போடுங்க. சார் பாக்கட்டும்."

அவன் கையை நீட்டவில்லை. மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

"குடும்ப விஷயத்த வீட்டுல பேசிக்கலாமேம்மா," என்றார்.

"என் சாமான் உங்க மேசையில இருக்கு சார். இதுல குடும்பம் எங்க வந்துச்சு?"

ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. வெளியே எல்லோரும் கணினியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள்.

நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று அவன் வீட்டில் குதித்தான். பதவி உயர்வு இன்னொருவருக்குப் போனபோது இரண்டாம் தடவை குதித்தான். பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, செய்தது தப்புதான் என்றான். சரி என்றாள்.

முறிந்த கோலை ஒட்ட உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் கோணலாகவே ஒட்டியது. பசையை மூடிவிட்டு, அலமாரியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.